புளி போட்டுத் துலக்கிய ஹெட்லைட்

வாயில் பற்பசை நுரையோடு அடுப்படிக்குள் வந்த வயர்மேன் சபாபதி, அப்படியே நின்றுவிட்டான்.

ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த அகல்களுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் இரண்டு உலோகக் கிண்ணங்கள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன. சுத்தமான பொன் நிறம்.

"பாருங்க, உங்க காரு வெளக்கையும் சேர்த்துத் தேச்சுட்டேன்" என்றாள் அவன் மனைவி சீதாலெட்சுமி. எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "என்னா கரி அதுல! புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்கா நாரு வெச்சு அரை மணி நேரம் தேச்சேன். கையே விட்டுப் போச்சு. ஆனா பாருங்க, தங்கமாட்டம் இல்ல?"

சபாபதி நுரையை விழுங்கிவிட்டான்.

குற்றம் அவளுடையது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த வாரம் திருக்கார்த்திகை. வெள்ளிக்கிழமைக் காலையில் விளக்கு துலக்குவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். முதல்நாள் இரவு புருஷன் முன்பக்கக் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிண்ணங்கள் கரி பூசிக்கொண்டு அவள் விளக்குகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், அவள் என்ன நினைப்பாள்? பாவம் மனுஷன், வேலைக் களைப்பில் கழுவாமல் வைத்துவிட்டான் என்றுதான் நினைப்பாள். ஒரு வார்த்தை சொல்லிவைக்காதது அவன் தப்பு.

அந்தக் கிண்ணங்கள் ஹெட்லைட்டுக்குள், பல்புக்குப் பின்னால் உட்காருபவை. பல்பின் வெளிச்சத்தை வாங்கி, கூட்டிப் பிடித்து, ரோட்டுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அடியில் பித்தளைதான். ஆனால் உள்பக்கம் முழுக்க வெள்ளி முலாம், வெங்காயச் சருகை விட மெல்லியது. ஏறக்குறைய முப்பது வருஷத்தில் அந்த வெள்ளி வெற்றிலைக்காரன் பல் மாதிரி மஞ்சளடித்துப் போயிருந்தது. அதை வெளுக்க வைக்க ஒரே வழிதான் உண்டு. விளக்குக் கரியை ஸ்பிரிட்டில் குழைத்து, பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பச்சைக் குழந்தையின் கன்னத்தைத் துடைக்கிற மாதிரி துடைக்க வேண்டும். வொர்க்‌ஷாப் தூசி பட்டால் கீறிவிடும் என்றுதான் வீட்டுக்கே கொண்டுவந்தான். இரவு இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான். மஞ்சள் போய் வெள்ளி எட்டிப் பார்த்தது. கடைசிப் பூச்சுக் கரி காயட்டும், விடிந்ததும் துடைக்கலாம் என்று வைத்துவிட்டுப் படுத்தான்.

இப்போது கரியும் இல்லை, வெள்ளியும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"என்னங்க, நல்லா இல்லையா?" என்றாள் சீதா.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

வேறு யார் காராக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கார் மிஸி தங்கரத்தினத்தினுடையது. எழுபத்தைந்தாம் ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நர்ஸ்களையெல்லாம் மிஸி என்பார்கள்; ஆனால் வெறும் மிஸி என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை ஆட்டிப் படைத்து, பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்து அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து வாங்கிய 1947-ஆம் ஆண்டுக் கறுப்பு ஆஸ்டின் டென் காரைத் தானே ஓட்டுவார், தானே கழுவுவார், தானே திட்டவும் திட்டுவார். அவர் வாய்க்குப் பயந்து டாக்டர்களே பின்வாசல் வழியாக வார்டுக்குள் வந்ததாகக் கதை உண்டு.

ஆனால் சீதாவுக்கு அவர்தான் தெய்வம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், மற்றது ஆறாம் மாதம். மூன்றாவது உண்டானதும், கார் ரிப்பேருக்கு வந்த இடத்தில் மிஸி அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறார். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டின் ஒற்றை அறையில் சீதாவைப் படுக்க வைத்து, மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்பார். குழலை எடுத்துவிட்டு, "துடிக்குது. நல்லாத் துடிக்குது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக மற்ற ஆறு நாளும் சீதா மூச்சுவிடுவாள்.

அப்படிப்பட்ட மனுஷி ஆசையாய் ஒப்படைத்த விளக்கு. "வேற புது லைட் போட்டுடலாம் மிஸி, வெளிச்சம் நல்லா அடிக்கும்" என்று அவன் சொன்னபோது, "அப்பா பூட்டின லைட். மஞ்சளை மட்டும் எடுத்துத் தாரும், அது போதும்" என்று முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பூராவும் சபாபதி அலைந்தான். இருபது மைல் தள்ளிக் கிள்ளானில் முலாம் பூசும் சீனர் ஒருவர் இருந்தார். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் இதைத் தேய்த்தது?" என்று மலாயில் கேட்டார். திங்கட்கிழமை கொண்டுவா, ஒரு வாரம் ஆகும் என்றார். சாயங்காலம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, கிண்ணங்களைக் காரில் மாட்டி எரியவிட்டுப் பார்த்தான். கீறல் விழுந்த பித்தளை வெளிச்சத்தைக் கூட்டிப் பிடிக்கவில்லை, நாலாபக்கமும் இறைத்தது. பத்தடி தள்ளியிருந்த சுவரில் மஞ்சளாய் ஏதோ கரைத்து ஊற்றியதுபோல் ஒரு திட்டு. அவ்வளவுதான். பழைய ஆறு வோல்ட் பேட்டரிக் கார் வேறு. நல்ல கிண்ணம் இருந்தாலே சுமாராகத்தான் எரியும்.

அதைச் சீதாவும் பார்த்துவிட்டாள். அவளுக்கு எலெக்ட்ரிக் தெரியாது, ஆனால் புருஷன் முகம் தெரியும்.

"நான் கெடுத்துட்டேனா?"

அவன் ஸ்விட்சை அணைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"மிஸிகிட்ட என் பேரச் சொல்லாதீங்க. கோவிச்சுக்கிட்டு வராம போய்ட்டாங்கன்னா? எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்லங்க. ஆஸ்பத்திரில ரெண்டு தடவ பாத்தாச்சு."

"நானே கெடுத்தேன்னு சொல்லிக்கிறேன்" என்றான் சபாபதி. அப்போது அவன் அதை மெய்யாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மிஸி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை, மூக்கில் புதுக் கண்ணாடி. முதலில் சீதாவைப் பார்த்தார். பிள்ளை தலை திரும்பிவிட்டது, எல்லாம் சரி என்றார். பிறகு கடைக்குள் வந்தார். சபாபதி கைத்துணியைப் பிசைந்துகொண்டு நின்றான். சொல்ல வேண்டியதை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தான். மிஸி, மன்னிச்சிடுங்க, கிண்ணம் கெட்டுப்போச்சு, ஒரு வாரம் டைம் குடுங்க.

"மிஸி..." என்று வாயெடுத்தான்.

"ஐயோ, என்ன வடிவு!"

மிஸி குனிந்து ஹெட்லைட் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வெயிலில் கிண்ணங்கள் இரண்டும் பொன்னாய் ஜொலித்தன. அவர் சிரித்துச் சபாபதி பார்த்ததில்லை. இப்போது சிரித்தார். "அப்பா இருந்திருந்தா சுத்திச் சுத்திப் பாத்திருப்பார். உம்முடைய கையிலை என்னவோ இருக்கு சபாபதி."

சபாபதி கைத்துணியால் பானட்டைத் துடைக்கத் தொடங்கினான்.

"நல்ல நேரத்திலை தந்தீர். நாளைக்கு விடிய வெளிக்கிட்டுக் கோலசிலாங்கூர் போறன். அத்தானுக்குத் திவசம். அக்கா தனிய நிக்கிறா. பின்னேரத்துக்குள்ளை திரும்பியிடுவன்."

விடிந்தபின் போய், இருட்டுமுன் வருகிறார். அப்படியானால் லைட்டே வேண்டாமே! திங்கட்கிழமை, ஃபோகஸ் சரி பார்க்கணும் என்று சொல்லிக் காரை வாங்கிக்கொள்ளலாம். கிள்ளானில் கொடுத்து வெள்ளி பூசிவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பயந்தவன் மூளை எவ்வளவு வேகமாய் வேலை செய்கிறது பாருங்கள். ஒரு மூச்சு விடும் நேரத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான்.

"ராத்திரியில மட்டும் எடுக்காதீங்க மிஸி" என்றான். "ஃபோகஸ் கொஞ்சம் பாக்கணும். திங்கட்கிழம கொண்டாங்க."

"ராத்திரியிலை எனக்கென்ன ஓட்டம்?" என்று சொல்லிவிட்டு மிஸி காரை எடுத்துக்கொண்டு போனார். அதோடு சங்கதி முடிந்தது என்று சபாபதி நினைத்தான்.

அன்று ஐந்தே முக்காலுக்கு, கோயிலுக்குப் போகிற வழியில் கந்தப்பு, சபாபதியின் கடைவாசலில் நின்றார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மிஸிக்குப் பக்கத்து வீடு. வானம் கிள்ளான் பக்கம் இருண்டுகொண்டு வந்தது.

"பெரிய மழை வரப்போகுது" என்றார் கந்தப்பு. "மிஸியும் பாவம், இந்த நேரம் பாத்து வெளிக்கிட்டிட்டா."

"எங்க ஐயா?"

"அக்கா வீட்டைதான். சமையலுக்கு வாற மனிசி வரேல்லையெண்டு அந்த அக்கா இராசேஸ்வரி போன் பண்ணினவ. விடியும் மட்டும் ஏன் காத்திருப்பான், இப்பவே போறன் எண்டு அஞ்சு மணிக்கே போயிட்டா."

சபாபதி கணக்குப் போட்டான். ஐந்து மணி. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். கிள்ளான் தாண்டி, காப்பார் தாண்டி, ஜெராம் ரோடு. ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் வாய்க்கால், தெருவிளக்கு கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பேய் பிடித்தமாதிரி வரும் ரோடு அது.

"ஐயா, அவங்க அக்காவுக்குப் போன் போடுங்க. மிஸி வந்தா... வந்துட்டா எனக்குச் சொல்லுங்க."

"ஏன் தம்பி?"

"லைட்டுல சின்னக் கோளாறு."

சின்னதாம். அந்த நேரத்திலும் அவன் வாயில் சின்ன என்றுதான் வந்தது. ஹோண்டா கப்சாய் மோட்டார்சைக்கிளை மிதித்து ஸ்டார்ட் செய்தபோது சீதா பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டான்.

பங்சார் தாண்டும்போதே முதல் துளி விழுந்தது. ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் மழை அடித்து ஊற்றியது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். சபாபதியின் மடியில் ஒரு உயிர் இல்லை, இரண்டு உயிர் இருந்தது. கணக்கைச் சரியாகப் பார்த்தால் மூன்று. மிஸிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் செய்தியைச் சீதாவிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் அவள் தாங்குவாளா? வயிற்றில் இருப்பது தாங்குமா? முருகா, முருகா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனான். சட்டை உடம்போடு ஒட்டி, பல் கிட்டி, அழுகிறோமா மழையா என்று தெரியாமல் போனான். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் வெள்ளையாய்ப் பளீரென்று அடித்தது. எல்லா வண்டிக்கும் கண் இருக்கிறது, நான் தொட்ட வண்டிக்குத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

கிள்ளான் பாலம் ஏறி இறங்கும்போது மணி ஆறரை. நன்றாக இருட்டிவிட்டது. காப்பாரில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் தமிழ் ஆளிடம் கேட்டான்.

"பழைய கறுப்பு காரா? ஓட்டுனது ஒரு ஆன்டியா? ஆமா boss, வந்தாங்க லா. கால் மணி நேரம் இருக்கும்" என்றான் அந்த ஆள். "லைட்டு போடலயா ஆன்டின்னு நான்தான் கேட்டேன். போட்டுத்தான் இருக்கேன், எனக்குத்தான் ரோடு தெரியலன்னாங்க. கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. பாக்கவே ஒருமாதிரி இருந்துச்சு."

"நிக்கச் சொல்லலயா?"

"சொன்னேன்லா. அக்கா தனியா இருக்காங்க, மெதுவா போயிடுவேன்னாங்க."

சபாபதி வண்டியைக் கிளப்பினான்.

காப்பாரிலிருந்து ஜெராம் வரைக்கும் அவன் எதைக் கண்டாலும் விபத்தாகத்தான் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த படகு, கவிழ்ந்த காராகத் தெரிந்தது. வாய்க்கால் கரையில் காயப்போட்டு மறந்த வெள்ளைத் துணி, வெள்ளைச் சேலையாகத் தெரிந்தது. இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, கரையில் இறங்கித் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தான். தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெராம் கடைத்தெரு தாண்டி ஒரு மைல் போயிருப்பான். மழை தூறலாகக் குறைந்திருந்தது. முன்னால் இடப்பக்கம் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கிட்டப் போகப் போக அது ஆஸ்டின் டென்னின் ஒற்றைப் பின்விளக்கு என்று தெரிந்தது. கார் பாதி ரோட்டிலும் பாதி புல்லிலுமாக நின்றது. எஞ்சின் ஓடவில்லை. காருக்கு முன்னால் புல்லில் ஒரு சைக்கிள் கிடந்தது, முன் சக்கரம் எட்டுப்போல் வளைந்து.

சைக்கிள் மட்டும். ஆள் இல்லை.

அங்கேயே திரும்பி ஓடிவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியது. மறைப்பானேன், தோன்றியதுதான். யார் பார்த்தார்கள் அவனை? ஆனால் கால்கள் ஓடவில்லை. நடந்து போய்க் கார் ஜன்னலைத் தட்டினான்.

"ஆர்?" உள்ளே இருந்து வந்தது மிஸியின் குரல்தான். ஆனால் வார்டை ஆட்டிப் படைத்த குரல் இல்லை.

"நான்தான் மிஸி. சபாபதி."

கதவு திறந்தது. மிஸி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மடியில் கிடந்தது. இவன் எப்படி இங்கே வந்தான் என்று கூட அவர் கேட்கவில்லை.

"ஒரு மனிசனை இடிச்சுப்போட்டன் சபாபதி."

"ஐயோ! ஆளு...?"

"இருக்கிறான். கடவுள் விட்டவர். கிட்டடியிலை வந்தபிறகுதான் கண்டனான். வெட்டித் திருப்பினன், சைக்கிள்லைதான் பட்டது. அவன் புல்லுக்குள்ளை விழுந்திட்டான். முழங்காலிலை காயம். நான் கட்டுப் போட்டு விட்டன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு நடந்துதான் போறான்." மூச்சு வாங்கினார். "இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் எண்டா, செத்திருப்பான்."

சபாபதி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். ஆள் சாகவில்லை. முருகா, ஆள் சாகவில்லை.

"என்ரை கண் போயிட்டுது" என்றார் மிஸி.

"மிஸி?"

"அம்மாவுக்கும் இந்த அறுபத்திரண்டு வயசிலைதான் துடங்கினது. முதல்லை இருட்டிலை தெரியாது, பிறகு பகலிலையும் தெரியாது. கடைசிப் பத்து வருசம் நான்தான் கையைப் பிடிச்சு நடத்தினனான். எனக்குத் தெரியும், இது அதுதான். காப்பாரிலையிருந்து பாக்கிறன், ரோட் எண்டு ஒண்டுமே தெரியேல்லை. மஞ்சளாய் ஒரு பனிப்புகார் மூட்டம், அவ்வளவுதான்." சாவியை உருவி நீட்டினார். "இந்தாரும். இனி நான் இதைத் தொட மாட்டன். காரை வித்துப்போடும்."

சபாபதி சாவியை வாங்கவில்லை.

"இன்னொண்டு. சீதாவுக்கு வேற ஆளைப் பாருங்கோ. இந்தக் கண்ணோடை நான் பிள்ளைப்பேறு பாக்கேலாது. கொடி சுத்தியிருந்து, எனக்குத் தெரியாமப் போனா? அந்தப் பிள்ளையும் போனா அவள் உயிரோடை இருக்க மாட்டாள்." சொல்லிவிட்டு மிஸி அழுதார். முகத்தை மூடிக்கொள்ளாமல், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இந்த இடத்தில் சபாபதியின் மனசைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவன் வழியெல்லாம் எதற்குப் பயந்தானோ அது நடக்கவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், குற்றத்தை மிஸியே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவன் சும்மா நின்றால் போதும். பாவம் மிஸி, வயசாச்சு என்று சாவியை வாங்கிக்கொண்டால் போதும். கிண்ணத்துக்குச் சத்தமில்லாமல் வெள்ளி பூசிவிடலாம். புளியும் சாம்பலும் அவனோடும் சீதாவோடும் போய்விடும். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் அவனை உலுக்கிவிட்டது. கிள்ளானில், காப்பாரில், வாய்க்கால் கரையில் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போது அவனுக்கு அவனையே பார்க்கப் பயமாக இருந்தது.

"உங்க கண்ணு இல்ல மிஸி" என்றான். "லைட்டு."

"ஆறுதலுக்குச் சொல்லாதையும்."

"ஆறுதல் இல்ல. சத்தியமா லைட்டுதான். கிண்ணத்துல வெள்ளியே இல்ல மிஸி. போச்சு. வெறும் பித்தள."

"பொன் மாதிரி மினுங்கினதை என்ரை கண்ணாலை பாத்தனான்."

"வெயில்ல மினுங்கும். ராத்திரில எரியாது."

மிஸி நம்பவில்லை. ஈரக் கண்ணால் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். கிழவிக்குத் தைரியம் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். சபாபதிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து இறக்கி, ரோட்டோரம் கூட்டிப் போனான். கார் லைட்டைப் போட்டான். மஞ்சள் திட்டு ஒன்று முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"வரும்போது பாத்தேன், அங்க ஒரு கல்லு நிக்குது. தெரியுதா?"

"இல்லை. நான்தானே சொல்லுறன், எனக்கு..."

"எனக்கும் தெரியல மிஸி. எனக்கு முப்பத்தொரு வயசு."

கார் லைட்டை அணைத்துவிட்டு, ஹோண்டாவைத் தள்ளிவந்து திருப்பி நிறுத்தி, உதைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கினான். வெள்ளை வெளிச்சம் தூறலைக் கிழித்துக்கொண்டு போய் முப்பதடி தள்ளி நின்ற மைல்கல்லில் விழுந்தது.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிங்க."

மிஸி கண்ணாடியைப் போட்டார். உதடு அசைந்தது.

"கோலசிலாங்கூர்" என்றார். "ஏழு."

இன்னும் ஒருமுறை படித்தார். கல்லுக்கு அப்பால் வேலிக்கம்பி தெரிகிறது என்றார். கம்பியில் ஒரு கிழிந்த சாக்கு தொங்குகிறது என்றார். வாய்க்காலில் அல்லி இலை என்றார். ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே போனார், சபாபதி முறுக்கைப் பிடித்தபடி நின்றான். சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. பிறகு திரும்பினார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"நேத்திக்கு."

"நான் காரை எடுக்கேக்கை?"

"தெரியும் மிஸி." முறுக்கைத் தளர்த்தினான். "நாளைக்குப் பகல்லதானே போறீங்கன்னு... கரி பூசி வெச்சிருந்தேன். கார்த்திகைக்கு வெளக்கு கழுவுறப்ப சீதா அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேச்சுட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லது செய்யுறதா நெனச்சுத்தான் செஞ்சா. சொல்லாம விட்டது நான். நீங்க கோவிச்சுக்கிட்டு அவளப் பாக்க வராம போயிடுவீங்கன்னு பயந்தேன்."

மிஸி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தோட்டத்துப் பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முழங்காலில் வெள்ளைக் கட்டோடு நொண்டிக்கொண்டு ஒரு மலாய்க்காரர், கூட அவர் அண்ணன். மிஸியைக் கண்டதும், "தாக் அபா மாச்சிக், தாக் அபா" என்று கையை ஆட்டினார், பரவாயில்லை அம்மா, பரவாயில்லை என்று.

"இவரிட்டைச் சொல்லும்" என்றார் மிஸி, சபாபதியைப் பார்க்காமல். "உம்முடைய வாயாலை."

சபாபதி அந்த மனிதர் முன்னால் போய் நின்றான். நாற்பது வயசிருக்கும். நனைந்த சட்டைப்பையில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று நசுங்கியிருந்தது. யாரோ வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சலா சாயா, பாங்" என்றான். என் தப்பு அண்ணே. "மாச்சிக்கின் தப்பு இல்லை. லைட்டைக் கெடுத்தவன் நான்" என்று தெரிந்த மலாயில் தடுமாறிச் சொன்னான். சக்கரத்தை நாளைக்கே வந்து மாற்றித் தருவதாகவும் சொன்னான். அவர் ஒன்றும் புரியாமல் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தோளில் லேசாகத் தட்டிவிட்டு, அண்ணனோடு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்.

தட்டிய இடம் சபாபதிக்குச் சுட்டது.

மிஸி காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார்.

"நான் ஓட்டட்டுமா மிஸி?"

"என்ரை கண்ணுக்கு ஒண்டும் இல்லையெண்டுதானே சொன்னீர்?" என்றார். பழைய குரல் பாதி திரும்பியிருந்தது. "முன்னாலை போம். மெதுவாய்ப் போம். உம்முடைய வெளிச்சத்திலைதான் நான் வர வேணும்."

சபாபதி ஹோண்டாவை நோக்கித் திரும்பினான்.

"சபாபதி."

"மிஸி?"

"வாற சனிக்கிழமை வருவன். அவளுக்காக வருவன். நான் வந்து திரும்பிப் போகும் மட்டும் நீர் என்ரை கண்ணிலை படக் கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழு மைல். சபாபதி இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. கண்ணாடியில் பின்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள், கார்த்திகை அகல் மாதிரி, மினுக் மினுக்கென்று வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவை மறைந்தன. மறைந்தபோதெல்லாம் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான், அவை மறுபடி தெரியும் வரைக்கும்.